ஒரே மேட்டில் ஓர் எவரெஸ்ட்

சென்ற கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை. பதினொன்றாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவன் முழங்கையில் கட்டுடன் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றான். பக்கத்தில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலைகுனிவே போதுமானதாக இருந்தது. விசாரித்ததும் கதை வெளியே வந்தது.

எங்கள் பள்ளி கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை இவர்கள் இருவரும் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளுடன் அந்தச் சாலையில் ஏறியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் மிதித்து, பெரும்பாலும் தள்ளி, பதினைந்து இருபது வளைவுகள் வரை போயிருக்கிறார்கள். இறங்கும்போது ஒருவனுடைய பிரேக் பிடிக்கவில்லை. காலைத் தரையில் தேய்த்துப் பார்த்து, முடியாமல் போகவே, நல்ல வேளையாக மலைப்பக்கம் இருந்த மண்மேட்டில் வண்டியை மோதி நிறுத்தியிருக்கிறான். மறுபக்கம் பள்ளம்.

எதற்காகப் போனார்கள்? கைப்பேசியில் ஒரு காணொலி பார்த்தார்களாம். "ஒருத்தர் ஒரே மலையில திரும்பத் திரும்ப சைக்கிள்ல ஏறி, மொத்தமா எவரெஸ்ட் உயரத்தைத் தொடுறாரு ஐயா. எங்களால எத்தனை வளைவு முடியும்னு பார்த்தோம்."

முதலில் திட்டினேன். பெற்றோரை வரச் சொன்னேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது: அந்தக் காணொலியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் கியர் சைக்கிள் ஓட்டுபவன். அந்தச் சவாலின் கால் பங்கை இரண்டு முறை முயன்று, ஒருமுறை தோற்று, ஒருமுறை முடித்தவன். காணொலியில் வராத ஒன்று எனக்குத் தெரியும். அதை இவர்களுக்கு நான் சொல்லவேயில்லை. ஏறும் நாளைக் காட்டுகிறார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் போடப்படும் கணக்கைக் காட்டுவதில்லை. அடுத்த சில இயற்பியல் வகுப்புகளில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆற்றல், விசை, சரிவு, அழுத்தம் என்று நாம் நடத்தும் பாடம் பெரும்பாலும் இதில் வந்துவிடுகிறது.

சவாலும் விதிகளும்

இதன் பெயர் எவரெஸ்டிங். ஏதாவது ஒரு மேட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதில் ஏறி, அதே வழியில் இறங்கி, மீண்டும் ஏறி, ஏறிய உயரங்களின் கூட்டுத்தொகை 8848 மீட்டரை எட்டும் வரை தொடர வேண்டும். கால வரம்பு கிடையாது. நின்று சாப்பிடலாம், உட்காரலாம், தூங்கக் கூடாது. ஒரே சவாரியாக முடிக்க வேண்டும்.

இதன் தொடக்கக் கதை மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. 1924இல் எவரெஸ்ட் உச்சியை நோக்கிச் சென்று திரும்பாத ஜார்ஜ் மல்லோரியின் பெயரைப் பலரும் கேட்டிருப்போம். அவருடைய பேரனுக்கும் அதே பெயர். அந்தப் பேரன் எவரெஸ்ட் ஏறுவதற்கான பயிற்சியாக 1994இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்கு அருகிலுள்ள டோனா புவாங் மலையில் சைக்கிளில் திரும்பத் திரும்ப ஏறினார். 1995இல் உண்மையான எவரெஸ்டின் உச்சியையும் தொட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 2014இல், மெல்போர்னைச் சேர்ந்த ஆண்டி வான் பெர்கன் இதை விதிகளுடன் கூடிய சவாலாக மாற்றி உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

பெருந்தொற்றுக் காலத்தில் சைக்கிள் பந்தயங்கள் நின்றுபோனபோது தொழில்முறை வீரர்களும் இதில் இறங்கினார்கள். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கோண்டடோர் 7 மணி 27 நிமிடத்தில் முடித்தார். 2021 மார்ச்சில் அயர்லாந்தின் ரோனன் மக்லாக்லின் டோனகல் பகுதியிலுள்ள மாமோர் கேப் என்ற செங்குத்தான சாலையில் 6 மணி 40 நிமிடம் 54 வினாடியில் முடித்தார். இவர்கள் கதை வேறு. நம்மைப் போன்ற சாதாரண உடம்புக்காரர்களுக்கு இது ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த வேலை.

எந்த மேடு?

தயாரிப்பின் முதல் நாள் சைக்கிளைத் தொடவே வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும். 5 சதவீதச் சரிவு என்றால் 100 மீட்டர் முன்னே போகும்போது 5 மீட்டர் உயர்கிறோம். அந்தச் சரிவில் 8848 மீட்டர் ஏற வேண்டுமானால் ஏற்றம் மட்டும் 177 கிலோமீட்டர். இறக்கத்தையும் சேர்த்தால் 354. சரிவு 8 சதவீதமானால் ஏற்றம் 110.6 கிலோமீட்டர், மொத்தம் 221. சரிவு 12 சதவீதமானால் மொத்தம் 147 கிலோமீட்டர்தான்.

"அப்போ செங்குத்தா இருக்கிறதுதான் நல்லது" என்றார்கள் மாணவர்கள். சாதனை நேரத்துக்காக ஏறுபவர்களுக்கு அது சரி. மக்லாக்லின் தேர்ந்த சாலையின் சரிவு ஏறக்குறைய 14 சதவீதம். ஆனால் அந்தச் சரிவில் மெதுவாகப் போக முடியாது. மெதுவானால் சைக்கிள் சாய்ந்துவிடும். மூட்டுகளும் தாங்காது. முதல்முறை முயல்பவருக்கு 6 முதல் 9 சதவீதம் வரை ஒத்துவரும் என்பது என் கருத்து. நாங்கள் வகுப்பில் ஒரு கற்பனை மேட்டை எடுத்துக்கொண்டோம்: சரிவு 8 சதவீதம், உயரம் 295 மீட்டர், நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அதை 30 முறை ஏறினால் 8850.

சரிவு மட்டும் போதாது. சாலையில் போக்குவரத்து குறைவாக இருக்க வேண்டும். இறக்கத்தில் கூர்மையான வளைவுகள் இருக்கக் கூடாது. அடிவாரத்தில் தண்ணீர், கழிப்பறை, விளக்கு வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் கொல்லிமலைச் சாலை தேறவே தேறாது. 70 வளைவுகள், எதிரே பேருந்து, சுவரில் குரங்குகள். அதை நான் சொல்லவில்லை. பட்டியல் போட்டு முடித்ததும் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவனே சொன்னான்.

பற்சக்கரக் கணக்கு

அடுத்த வகுப்புக்கு மாணவர்கள் தங்கள் சைக்கிள்களின் பற்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள். கணக்குக்காக முன்சக்கரப் பல் 44, பின்சக்கரப் பல் 18 என்று வைத்துக்கொண்டோம். மிதிகட்டை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.1 மீட்டர் நகரும். மலைக்கான கியர் சைக்கிளில் முன்னும் பின்னும் 34 பற்கள் இருந்தால், ஒரு மிதிச் சுற்றுக்கு 2.1 மீட்டர்தான்.

ஓட்டுபவர், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 75 கிலோ. 8 சதவீதச் சரிவில் இந்த எடையைக் கீழே இழுக்கும் விசையும் உருளும் தடையும் சேர்ந்து ஏறக்குறைய 62 நியூட்டன். மிதிகட்டையின் கை 17 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் கால் கடக்கும் தூரம் 1.07 மீட்டர். செய்யும் வேலை இருபுறமும் சமம் என்று எழுதினால், கியர் இல்லாத வண்டியில் காலுக்குத் தேவைப்படும் சராசரி விசை 300 நியூட்டன். அதாவது 30 கிலோ எடையை ஒவ்வொரு மிதிக்கும் அழுத்துவது போல. கியர் வண்டியில் அது 12 கிலோவுக்குச் சற்று மேல்.

மொத்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். கியர் இல்லாத வண்டியில் 21,500க்கு மேற்பட்ட கனமான மிதிகள். கியர் வண்டியில் 52,000க்கு மேற்பட்ட இலேசான மிதிகள். தசைநார் அதிக எண்ணிக்கையைப் பொறுத்துக்கொள்ளும். அதிக விசையை மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாது. விலையில்லா மிதிவண்டியில் குறையொன்றும் இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குச் சமதளச் சாலையில் ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்காகச் செய்த வண்டி அது. மலைக்கு அழைத்துப் போனது நம் தவறு.

எத்தனை இட்லி?

75 கிலோவை 8848 மீட்டர் உயர்த்த 6500 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். உருளும் தடை, காற்று, சங்கிலியின் உராய்வு ஆகியவற்றைச் சேர்த்தால் 7000 கிலோ ஜூலைத் தாண்டும். நம் உடம்பு உண்ட ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் மிதிக்கு அனுப்புகிறது; மீதி வெப்பமாகப் போகிறது. ஒரு கிலோ கலோரி என்பது 4.18 கிலோ ஜூல். இந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் கணக்கு எளிதாகிறது: மிதியில் 7000 கிலோ ஜூல் என்றால் உடம்பில் ஏறத்தாழ 7000 கிலோ கலோரி எரியும். சிறிய இட்லி ஒன்றில் 50 கிலோ கலோரி என்று கொண்டால் 140 இட்லி. வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

140 இட்லியை ஒரே நாளில் யாராலும் சாப்பிட முடியாது. சாப்பிடத் தேவையும் இல்லை. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். அதிலிருந்து 1600 முதல் 2000 கிலோ கலோரி கிடைக்கும். மீதியில் பெரும்பங்கு உடலிலுள்ள கொழுப்பிலிருந்து வர வேண்டும். இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. மெதுவாக மிதித்தால் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட மாவுச்சத்தை நோக்கித் திரும்பும். சேமிப்பு தீர்ந்தால் கால் நின்றுவிடும்.

அனுபவத்தில் சொல்கிறேன். கால் பங்கு, அதாவது 2212 மீட்டர், முதல் முறை முயன்றபோது காலையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். முதல் சில சுற்றுகளில் உற்சாகம் தாளாமல் வேகமாக ஏறினேன். 1500 மீட்டரில் கை நடுங்கியது, கண் மங்கியது, சாலையோரம் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. வழியில் வந்த ஒருவர் கொடுத்த கடலைமிட்டாயைத் தின்ற பிறகுதான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவே முடிந்தது.

பொதுவான வழிகாட்டல், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், சிறிய இட்லி இரண்டில் 20க்குச் சற்று மேல், மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றில் 12 முதல் 15 கிராம். இதை ஒவ்வொரு மணி நேரமும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், உள்ளே அனுப்ப வேண்டும். உழைக்கும்போது வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைவதால் பழக்கமில்லாத வயிறு இதைத் திருப்பி அனுப்பும். ஆகவே பயிற்சிச் சவாரிகளில் வயிற்றுக்கும் பயிற்சி தர வேண்டும். சவால் நாளில் புதிதாக எதையும் தின்னக் கூடாது என்பது இவர்கள் எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம்.

தண்ணீரிலும் ஆபத்து

"நிறைய தண்ணீர் குடி" என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். பல மணி நேரம் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பமான பேச்சு எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீர்க்குறைவிலும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால் பக்கத்தில் இருப்பவர் மேலும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடக்கூடும். சவாரியின்போது உடல் எடை கூடியிருந்தால் அது அதிகம் குடித்ததற்கான அடையாளம்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பள்ளி எடைப்பொறியே போதும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். எடை 0.4 கிலோ குறைந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், அந்த மணி நேரத்தின் வியர்வை 0.9 லிட்டர். வெயிலிலும் அதிகாலையிலும் தனித்தனியே அளந்தால் வித்தியாசம் தெரியும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இதைக் கபடி அணிக்குச் செய்து பார்த்தார். ஒரே வயது, ஒரே மைதானம். வியர்வை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர் என்ற விதியை அன்றோடு கைவிட்டார்.

வாரங்கள்

ஏற்கெனவே 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கும் மூன்று நான்கு மாதப் பயிற்சி தேவை. வாரத்துக்கு ஒரு நீண்ட ஏற்றம், இரண்டு மூன்று சிறிய சவாரிகள். மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைக்க வேண்டும். உடம்பு வலுப்பெறுவது அந்தக் குறைத்த வாரத்தில்தான். பாதி வழியில் 2212, சவாலுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு 4424, அதாவது சரிபாதி. முழு உயரத்தை ஒத்திகை பார்ப்பதில்லை. கடைசி இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்க வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நாள்தோறும் முழுத்தேர்வு வைக்கும் நம் வழக்கத்தை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொண்டேன், வகுப்பில் சொல்லவில்லை.

வேகத்தையும் இந்த வாரங்களில்தான் கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கு 600 மீட்டர் உயரம் என்றால் மிதியில் ஏறக்குறைய 140 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பை விடச் சற்றுக் கூடுதல். அதை 15 மணி நேரம் அணையாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் கற்பனை மேட்டில் ஓர் ஏற்றத்துக்கு அரை மணி நேரம், இறக்கத்துக்கு ஆறு ஏழு நிமிடம். 30 சுற்றுக்கு 18 மணி நேரம். உணவு, ஓய்வு சேர்த்தால் 20, 21. முதல் பத்துச் சுற்றுகள் மிக எளிதாகத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

இறங்குவது எப்படி?

மூன்றாம் நாள் வகுப்பில், கட்டு அவிழ்த்த முழங்கையுடன் அவன் கேட்டான்: "எல்லாம் ஏறுற கணக்காவே இருக்கே ஐயா. அவங்க முப்பது தடவை எப்படி இறங்குறாங்க?" நான் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

295 மீட்டர் உயரத்தில் நிற்கும் 75 கிலோவுக்கு 217 கிலோ ஜூல் நிலை ஆற்றல் இருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது அது பூச்சியம். எங்கே போயிற்று? மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், ஏறக்குறைய பாதியைக் காற்றின் தடையும் உருளும் தடையும் வாங்கிக்கொள்ளும். மீதிப் பாதி, 108 கிலோ ஜூல், பிரேக்கில் வெப்பமாகிறது. அறை வெப்பநிலையில் உள்ள 350 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு. பயந்து மெதுவாக, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் காற்று வாங்கிக்கொள்ளும் பங்கு குறைந்து பிரேக்கின் பங்கு கூடுகிறது. கட்டை சூடாகி வழுக்கும். ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கவும் கூடும். நம் மாணவன் செய்ததும் இதுதான்: மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடவேயில்லை என்றான். கட்டையோ ஏற்கெனவே தேய்ந்தது.

பழகியவர்கள் வளைவுக்கு முன்பே இரு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ரிம் ஆறுகிறது. வளைவுக்குள் பிடிப்பதில்லை. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று நாம் நடத்தும் வாய்பாட்டை, மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் 40 கிலோமீட்டருக்கும் போட்டுக் காட்டினேன். 1.2 கிலோ ஜூல், 4.6 கிலோ ஜூல். அவன் அந்த இரண்டு எண்களையும் அடிக்கோடிட்டுக்கொண்டான்.

பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றி, கூடுதலாக ஒரு சோடி வைத்திருப்பது தயாரிப்பில் சேர்ந்தது. ஏறும்போது நனைந்த சட்டை இறங்கும்போது குளிரும். குளிர்ந்த விரல் பிரேக்கை நேரத்தில் பிடிக்காது. ஆகவே உச்சியில் மேலங்கி. ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் சாய்ந்திருந்தால் உள்ளங்கை நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கைநிலையை அடிக்கடி மாற்ற வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை.

இரவு வேறு. அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பின் கடிகாரம் தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். ஏற்றத்தில் தூங்கி விழுந்தால் சிராய்ப்பு. இறக்கத்தில் தூங்கி விழுந்தால் அப்படியல்ல. சவாலின் விதியோ தூங்கக் கூடாது என்கிறது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புறப்படும் முன்பே எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதி, அடிவாரத்தில் இருக்கும் துணையிடம் கொடுத்துவிடுகிறார்கள்: பேச்சு குழறினால், கண் சொருகினால், மழை வந்தால், சுற்றுக் கணக்கு மறந்தால் நிறுத்த வேண்டும். 7000 மீட்டரைக் கடந்தவரிடம் "இன்னும் முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். முடிவெடுக்கும் உரிமை அந்த நேரத்தில் அவர் கையில் இருக்கக் கூடாது. அந்தத் துணை இல்லாமல் போனதுதான் என் முதல் முயற்சியின் பெரிய பிழை.

உயரத்தை எப்படி அளப்பது?

சைக்கிளில் பொருத்தும் சிறு கணினி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைச் சொல்கிறது. தாழ்ந்த இடங்களில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் ஒரே இடத்தில் நின்றாலும் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். அதாவது ஏறாமலே 30 மீட்டர் அளவுக்குக் கருவி தவறாகக் காட்டலாம். அதனால் வரைபடத்திலுள்ள உயரத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கிச் சரிபார்ப்பதும், ஒன்றிரண்டு சுற்று கூடுதலாக ஏறுவதும் வழக்கம்.

பள்ளியில்

இந்தச் சவால் வளரும் பிள்ளைகளுக்கு உரியதல்ல. இரவு முழுக்கத் தூங்காமல் மலையில் இறங்குவது எந்த மாணவனுக்கும் வேண்டாம். அதை நேராகச் சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் வாடியது. "அப்போ எவரெஸ்ட்?" என்றான் ஒருவன்.

எங்கள் பள்ளியின் மாடிப்படியில் 22 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று நான் எடுத்துக்கொண்டு 3.3 மீட்டர் என்றேன். சிலர் அளவுநாடாவுடன் போய்த் திரும்பி வந்து, படிகள் சம உயரம் இல்லை, எல்லாவற்றையும் அளந்து கூட்டினால் 3.27 மீட்டர்தான் என்றார்கள். 8848ஐ அதனால் வகுத்தால் 2706 ஏற்றம். வகுப்பில் 40 பேர், நாளுக்கு ஆளுக்கு நான்கு முறை என்றால் 17 நாள். ஓடக் கூடாது, இறங்கும்போது கைப்பிடியை விடக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரே வரிசை என்பவை விதிகள். ஏறுவதை விடக் கணக்கேட்டை எழுதும் பொறுப்புக்குத்தான் போட்டி அதிகம் இருந்தது. வாரம் ஒருவராக மாற்றினோம். விடுப்பு எடுத்தவர்களால் 19 நாள் ஆயிற்று. எட்டாம் வகுப்பினர் இப்போது தங்களுக்கும் ஒரு மலை கேட்கிறார்கள். தொட்டபெட்டாவின் 2637 மீட்டரைக் கொடுத்திருக்கிறேன்.

முழங்கை ஆறியவன் தன் வண்டிக்குப் புதிய பிரேக் கட்டைகள் போட்டுவிட்டான். மாதம் ஒருமுறை அவற்றின் தடிமனை அளவுகோலால் அளந்து, அந்தக் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறான். இப்போது அந்தப் பக்கத்தில் மேலும் ஆறு பேருடைய வண்டிகளின் அளவுகளும் இருக்கின்றன.